விற்றுத் தீர்ந்த சிரிப்பு

சோப்புக்காரியின் வீட்டிலிருந்து முதலில் விலைபோனது அவளுடைய மகளின் சிரிப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதைப் பற்றிப் போன் குரூப்பில் சோப்புக்காரி பதிவு போட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் அலமாரியில் இருந்த சோப்பு முழுவதும் தீர்ந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குழந்தை எதற்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபோது சத்தம் வரவில்லை. அந்த வாரம் எண்ணெய் விலை கொஞ்சம் ஏறியிருந்தது, அட்டைப்பெட்டி விலை இறங்கியிருந்தது.

அதற்கு முந்தைய மாதங்களில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. போன் கடை கவுண்டர் வேலையை விட்டுவிட்டு, பின்கட்டுச் சமையலறையைச் சோப்பு அறையாக மாற்றியிருந்தாள். போனில் 'குடும்பம்' என்று ஒரு குரூப் ஆரம்பித்தாள். அதில் அவளுடைய சித்தி மகள் இருந்தாள், மாடிவீட்டுப் பெண்கள் இருவர் இருந்தார்கள், பழைய வேலையிடத்துத் தோழிகள் இருந்தார்கள், வாடகைவீடு தேடும் குரூப் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டு வெளியேறக் கூச்சப்பட்டுத் தங்கிவிட்ட ஒரு மனிதரும் இருந்தார். என்ன எண்ணெய், எத்தனை வாரம் உலர்ந்தது, தோலுக்கு எவ்வளவு நல்லது என்று தினமும் எழுதினாள். எல்லோரும் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போனார்கள். சோப்பு அலமாரியில் வியர்த்துக்கொண்டு கிடந்தது. அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக், வாய் கொஞ்சம் நீளம். "நம்ம வீட்டுல எலிகூட குளிச்சிட்டுத்தான் வெளிய போகுது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னான்.

வழி காட்டியது கொழுந்தன். மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடியவன். அதனால் இப்போது மற்றவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, சோப்பு யாருக்கு வேணும்? எல்லார் வீட்டுலயும்தான் சோப்பு இருக்கு."

"அப்ப என்னத்த விக்கச் சொல்றே?"

"உங்களை வித்துடுங்க."

"செருப்பு பிஞ்சிடும் தம்பி."

"ஐயோ, உங்க கதையைச் சொன்னேன் அண்ணி! உங்க வீடு, உங்க பாப்பா, உங்க சிரிப்பு, அழுகை. மனசைத் தொடணும். தொட்ட சூட்டோட கீழ ஆர்டர் லிங்க்கைப் போடணும். லிங்க் இல்லாம ஒரு வரி எழுதக்கூடாது. இதுதான் முதல் பாடம்."

அவள் யோசித்துப் பார்த்து, வீட்டில் இருந்ததிலேயே நல்ல பொருளை எடுத்து எழுதினாள். ஏழு வயது மகள் குளிக்கும்போது நுரையில் மீசை வைத்துக்கொள்வாள். கண்ணாடியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பழைய மோட்டார் சைக்கிளை உதைத்தாற்போல் இரண்டு தடவை இழுத்த பிறகுதான் அந்தச் சிரிப்பு பிடிக்கும். முடிவில் தவறாமல் ஒரு விக்கல். இவ்வளவுதான் எழுதினாள், எல்லாம் உண்மை. கீழே லிங்க்கைப் போட்டாள்.

பார்சல் போய்ச் சேர்ந்த வீடுகளிலிருந்து செய்தி வரத் தொடங்கியது. பெட்டியைத் திறந்தால் ஒரு குழந்தை சிரிக்கிறது, முடிவில் விக்குகிறது, சோப்பு கரைந்த பிறகும் காலிப்பெட்டியில் சிரிப்பு அப்படியே இருக்கிறது என்று எழுதினார்கள். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ஒருத்தி மட்டும் இதுவே ஆண் குழந்தைச் சிரிப்பில் கிடைக்குமா என்று கேட்டாள். மகளைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்து, தொண்டையில் குறையில்லை, சத்தம் வேறெங்கோ போகிறது என்று சொல்லி பீஸ் வாங்கிக்கொண்டார். பேச்சு சரியாக இருந்தது, அழுகை சரியாக இருந்தது. சிரிப்புக்கு மட்டும் வாய் திறந்து, தோள் குலுங்கி, பிறகு மூடிக்கொண்டது. வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று டீச்சர் மெச்சினாள்.

எது எப்படி நடக்கிறது என்பது தலைவலி விஷயத்தில் புரிந்தது. வேலை மிகுந்த ஒரு நாளில் எழுத எதுவும் தோன்றாமல், தலைவலி மண்டையைப் பிளக்கிறது, ஆனாலும் உங்களுக்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதி லிங்க்கைப் போட்டாள். சரக்கு தீர்ந்தது, தலைவலியும் தீர்ந்தது. அடுத்த வாரமே புகார்கள். "சோப்பு நல்லாத்தான் இருக்கு அக்கா, பெட்டியைத் தொறந்தாத்தான் தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது" என்று திருப்பி அனுப்பினார்கள். பார்சல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவர, தலைவலியும் தவணைமுறையில் திரும்பிவந்தது. கடைசிப் பார்சலைக் கூரியர்காரர் கொடுத்தபோது அவள் நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். படுத்தபடியே சந்தோஷத்தில் அழுதாள். லிங்க்கோடு போனது திரும்பிவரும். பெட்டிகளைக் கேட்டு வாங்கிவிட்டால் போதும்.

கொழுந்தனிடம் சொன்னாள். அவன் பதறிப்போனான். "வித்த சாமானைத் திருப்பிக் கேக்குற கடை எங்கயாவது உண்டா அண்ணி? குடும்பம் இப்பத்தான் வளருது. இன்னும் கொஞ்சம் வளரட்டும். அப்புறம் நீங்க கேட்டா உசிரையே குடுப்பாங்க, பெட்டியா பெருசு?" அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அலமாரி அப்போதுதான் காலியாகப் பழகியிருந்தது, புருஷனின் எலி ஜோக் நின்றிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிப்போட்டாள். அதுவரை மகளைத் தொடுவதில்லை, வேறு எதையாவது விற்போம் என்று தீர்மானித்தாள். அந்தக் கொஞ்ச நாள் நான்கு வருஷம் நீண்டது.

பின்சுவரில் காலைநேரத்தில் விழும் மரநிழலைப் பற்றி எழுதினாள். மரம் நின்றது, நிழல் போய்விட்டது. வாங்கியவர்களின் குளியலறைகளில் இலை அசைந்தது. சுவர் வெயிலில் வெடிக்கத் தொடங்கியதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நிழல் வாடகை ஒப்பந்தத்தில் சேராது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். இறந்துபோன அப்பாவின் சட்டையில் இருந்த வாசனையை எழுதினாள். சட்டையை அதன்பின் தரை துடைக்கப் போட்டாள், வெறும் துணிதானே. கல்யாணமான புதிதில் புருஷனோடு சண்டை போட்டதையும், அவன் ஒரு முழம் பூகூட வாங்கத் தெரியாமல் ஸ்குரூ டிரைவர் செட் வாங்கிவந்து சமாதானம் செய்ததையும் எழுதினாள். அது நன்றாக ஓடிய சரக்கு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை வந்தால் சமாதானம் வரவில்லை. சண்டைகள் மேஜை நாற்காலி மாதிரி போட்ட இடத்தில் கிடந்தன, இரண்டு பேரும் இடித்துக்கொள்ளாமல் சுற்றி நடக்கப் பழகினார்கள்.

குடும்பம் வளர்ந்தது. குரூப்பில் பிறந்தநாள் கொண்டாடினார்கள், மாமியார்களைத் திட்டினார்கள், எலுமிச்சை மணம் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள், பெண் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டார்கள். எல்லோரும் மகளை 'விக்கல் பாப்பா' என்றே கூப்பிட்டார்கள். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பது கொழுந்தனின் இரண்டாவது பாடம். சோப்புக்காரி அதைத் தவறவிட்டதே இல்லை. சோப்பு அறை வாசலில் நின்று நாலு தடவை கூப்பிட்டும் அம்மா திரும்பாததைப் பார்த்த மகள் ஒரு நாள் அப்பாவின் போனை எடுத்து, குரூப்பில் 'அம்மா பசிக்குது' என்று போட்டாள். உடனே அம்மாவிடமிருந்து 'இதோ கண்ணு' என்று பதில் வந்தது, பின்னாலேயே தட்டும் வந்தது. முகம் தெரியாத நூறு பேர் இதயம் போட்டார்கள். அன்றிலிருந்து அவள் அப்படியே கேட்டுக்கொண்டாள்.

புருஷன் என்ன செய்தான் என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. சிரிப்பு விற்ற அந்த முதல் நாளிலேயே, விளையாட்டாகத் தன் வேலையிட முகவரிக்கு ஒரு சோப்பு ஆர்டர் செய்திருந்தான். அந்தப் பெட்டி அவனுடைய கருவிப்பையில் ஸ்பேனர்களுக்கு நடுவே இருந்தது. லிப்ட் கூண்டின் தலைமேல் தனியாக உட்கார்ந்து எண்ணெய் போடும்போது அதைத் திறந்து வைத்துக்கொள்வான். பெரிய பெரிய கட்டடங்களில், லிப்டில் ஏறினால் ஒரு குழந்தை சிரித்து விக்குகிறது என்று புகார் எழுதினார்கள். புகாரைச் சரிபார்க்கவும் அவனைத்தான் அனுப்பினார்கள்.

மகளுக்குப் பதினொரு வயதானபோது வகுப்பில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். "எங்க வீட்டுல ஒரு சிரிப்பு இருக்குடி, கேட்டா உனக்கும் சிரிப்பு வந்துடும், வர்றியா?" என்று கூட்டிப்போய்க் காட்டினாள். சோப்புக்காரியின் மகள் அந்தக் குளியலறையில் நின்று இரண்டு தடவை கேட்டாள். வீட்டுக்கு வந்தவள் போனைத் தேடவில்லை. நேரே பின்கட்டுக்கு வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நான் சிரிச்சா அப்படித்தான் இருக்குமா?"

"எப்படிடி?"

"மொதல்ல ரெண்டு தடவை இழுத்து இழுத்து... கடைசில விக்கி..." குழந்தை செய்து காட்டப் பார்த்தாள். வாய் திறந்தது, தோள் குலுங்கியது. "எனக்கு மறந்தே போச்சும்மா. நல்லா இருக்கும்மா அது. திருப்பி வாங்கிக் குடேன்."

சோப்புக்காரி கையிலிருந்த அச்சை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பாடம் எதையும் நினைக்காமல், எழுத்தைக்கூடச் சரிபார்க்காமல் எழுதினாள். 'என் பிள்ளையின் சிரிப்பை நான் விற்றுவிட்டேன். தெரியாமல் விற்றேன், தெரிந்த பிறகும் திருப்பிக் கேட்காமல் நாலு வருஷம் சும்மா இருந்தேன். அவள் ஊமையாகச் சிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிகிறது. உங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.' அவள் வாழ்க்கையில் எழுதியதிலேயே உண்மையான எழுத்து அதுதான். எழுதி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரல் மட்டும் தன் வேலையைத் தானே செய்தது. நான்கு வருஷமாக எந்தப் பதிவின் அடியிலும் போட்டுப் பழகிய ஆர்டர் லிங்க்கை அதன் அடியிலும் போட்டது.

குடும்பம் கதறியது. அதுவரை அப்படி ஒரு விற்பனை நடந்ததில்லை. உலர்ந்தது, உலராதது, அச்சிலேயே இருந்தது எல்லாம் போயிற்று. சோப்புக்காரியின் கன்னத்தில் இறங்கிய கண்ணீர் தாடைக்கு வருவதற்குள் காய்ந்துவிட்டது. எழுந்து முகம் கழுவினாள். மனசு லேசாக இருந்தது. மகள் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏண்டி நிக்கறே? போய்ப் படி" என்றாள் அன்பாகத்தான். அன்று அவள் வருத்தத்தை வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிறெரிய அழுதார்கள். அழுது முடித்ததும் தோல் மிருதுவாக இருப்பதாக எழுதினார்கள்.

நல்லவர்கள் இல்லாமல் இல்லை. கேட்டபடி பெட்டியைத் திருப்பி அனுப்பியவர்களும் இருந்தார்கள். முதலில் வந்தது அந்த வாடகைவீடு தேடிய மனிதருடைய பெட்டி. புருஷன் தன் கருவிப்பையிலிருந்து பெட்டியை எடுத்து, கிரீஸ் கறையைத் துடைத்து, பேக்கிங் மேஜைமேல் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தான். ஒவ்வொரு பார்சலாக வர வர மகளுக்கு விக்கல் திரும்பியது. சத்தமில்லாமல் குலுங்கிவிட்டு முடிவில் பளிச்சென்று ஒரு விக்கல். அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விக்கல் வந்துவிட்டது, சிரிப்பு வருகிற வழியில் இருக்கிறது.

அவர்கள் வெளியே போயிருந்த ஒரு பகலில் சோப்புக்காரி மேஜையைப் பார்த்தாள். நசுங்காத நல்ல பெட்டிகள். எல்லாவற்றிலும் புதுச்சோப்பை வைத்து, நாடா கட்டி, காத்திருந்த ஆர்டர்களுக்கு அனுப்பிவிட்டாள். திரும்பிவந்த புருஷன் காலி மேஜைமுன் நின்றான்.

"என் பெட்டி எங்கடி?"

"கிரீஸ் படிஞ்சிருந்தது. இருந்தாலும் பரவாயில்லன்னு போட்டு அனுப்பிட்டேன். ஏங்க, வேணும்னா புதுசு எடுத்துக்கோங்களேன்."

"அதுல உன் பொண்ணு சிரிப்பு இருந்துச்சுடி! நீதானே கேட்டு எழுதினே?"

"எழுதினேன்தான்" என்றாள் அவள், யோசித்துப் பார்த்து. "நல்லா எழுதியிருந்தேன், இல்ல?"

அவன் ஓங்கிய கையைக் கீழே போட்டான். திட்டலாம், ஆனால் திட்டு போய்த் தைக்க அவளுக்குள் இடம் இருக்கவில்லை. அந்தச் சண்டையையும் மற்றச் சண்டைகளோடு ஓரமாகப் போட்டுவிட்டு அவன் வேலைக்குப் போனான். இப்போது லிப்டுகளில் புகார் இல்லை.

கொழுந்தன், சிரிப்பைத் திருப்பிக் கேட்ட அந்தப் பதிவைப் பெரிதாக அச்சடித்துத் தன் தொழில் வகுப்பில் மாட்டினான். சோப்புக்காரியையே அங்கே பேசக் கூட்டிப்போனான். உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். "மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க, ஒண்ணும் மிச்சம் வைக்காதீங்க" என்று அவள் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் அந்தத் தெருவில் பல வீடுகளில் ஊறுகாய், பை, மெழுகுவத்தி என்று வியாபாரம் தொடங்கியது. பல வீடுகளில் சத்தம் குறைந்தது. சோப்புக்காரி வீட்டில் வீட்டுக்காரரிடம் கேட்டு, பின்சுவரை இடித்து இன்னொரு அறை கட்டிக்கொண்டார்கள். மரத்தில் வழக்கம்போல் காக்கை உட்கார்ந்தது, காக்கையின் நிழல் மட்டும் அந்தரத்தில் தனியாகப் புதுச்சுவரில் விழுந்தது.

மகள் வளர்ந்து வேலைக்குப் போனாள். முதல் சம்பளம் வந்த அன்று, முன்னறையில் உட்கார்ந்து போனில் ஒரு சோப்பு ஆர்டர் போட்டாள். அம்மா அழுது எழுதிய அந்தப் பழைய பதிவின் அடியில் இருந்த லிங்க் இன்னும் வேலை செய்தது, அந்தச் சரக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஒன்று வாங்கினாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறப்பாள். உள்ளே அவளுடைய அம்மா அவளை நினைத்து அழுவாள். அழுது ஓயும்வரை மடியில் வைத்துக் கேட்டுவிட்டு மூடிவைப்பாள்.

பின்கட்டில் சோப்புக்காரி ஆர்டரைப் பார்த்ததும் எந்த வாடிக்கையாளருக்கும் செய்வதுபோலவே நாடா கட்டுவாள். 'எங்கள் குடும்பத்தில் ஒருவராக இருப்பதற்கு நன்றி' என்று கைப்பட எழுதிய அட்டையை உள்ளே வைப்பாள். கூரியருக்குக் காத்திருக்காமல் தானே எடுத்துவந்து மகளின் கதவைத் தட்டிக் கொடுப்பாள். டெலிவரி சார்ஜ் வாங்குவதில்லை. ஒரே வீடுதானே.