ஹெகார்ட்டியின் மட்டை

பொழுது விடிவதற்குள் ஆட்டக்காரர்கள் நாங்களே கல்லுருளையை இழுத்து மைதானத்தைச் சமன் செய்தாக வேண்டும். அந்த வேலைக்கு இருந்த ஆளை எங்கள் அணியின் முதலாளி ஸ்டாலர் போன கோடையிலேயே நிறுத்திவிட்டார். ஆற்றுப் பனியில் நனைந்த கயிறு உள்ளங்கையை அறுக்கும். பிறகு உப்புநீர் வாளியில் கையை ஊறவைப்போம். தோல் தடித்துப்போனால்தான் பேஸ்பால் பந்தை வெறுங்கையால் பிடிக்க முடியும்.

அன்று ஹெகார்ட்டி மட்டும் கயிற்றைத் தொடவில்லை. முந்தின நாள் ஆட்டத்தில் பந்து பட்டு அவன் கட்டைவிரல் முறிந்திருந்தது. எங்கள் லீக்கில் அடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர் ஊராகச் சுவரொட்டியில் அவன் முகம்தான்.

மதியம் ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டாலர் வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"என்னய்யா, வேஷமா?"

"எலும்பு முறிஞ்சிருச்சு முதலாளி. ஆற ஒரு மாசமாகுமாம்."

"அப்போ வாசல்ல நின்னு டிக்கெட் கிழி. மறுபடி ஆடுற வரைக்கும் சம்பளம் கிடையாது."

"அப்படின்னா என்னை விட்டுடுங்க. பக்கத்து ஊர் அணியில கூப்பிடுறாங்க."

ஸ்டாலர் சிரித்தார். "நீ என் ஆளுன்னு பதிஞ்சாச்சு. நான் விடாம எவனும் உன்னைச் சேர்க்கமாட்டான். முதலாளிங்க நாங்க பேசி வச்சிருக்கோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கட்டியும் வைப்பீங்க, தீனியும் போடமாட்டீங்க. மாட்டைக்கூட எவனும் இப்படி வச்சுக்கமாட்டான்!"

"கெய்ன்ஸ், வாயை மூடு. இல்ல, உனக்கும் அபராதம்தான்."

மூடிக்கொண்டேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே! சீ, என்ன பிழைப்பு இது என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஹெகார்ட்டிக்குப் பதிலாக நிலக்கரிச் சுரங்க அணியிலிருந்து ப்ராசர் என்பவனைக் கூட்டி வந்திருந்தார் ஸ்டாலர். ஹெகார்ட்டியின் மட்டையை எடுத்து அவன் கையில் திணித்தார். "ராசியான மட்டை. வச்சுக்கோ."

ஆட்டக்காரர்கள் எங்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு மட்டைக்குள் இத்தனை அடிதான் என்று கணக்கு இருக்கிறதாம்; அடிக்க அடிக்கத் தீர்ந்துவிடுமாம். அடுத்தவன் மட்டையை எடுத்து ஆடுகிறவன் அவன் சோற்றை எடுத்துத் தின்கிறவன். கூடப் பிறந்தவன்கூட இரவல் கேட்கமாட்டான். முதலாளிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"யாரோடது இது?" என்று ப்ராசர் கேட்டான்.

"என்னோடது" என்றான் ஹெகார்ட்டி.

ப்ராசர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தான். "எனக்கு வேண்டாம்ணே. சுரங்கத்துல எங்கப்பனுக்குக் கால் போன அன்னிக்கே அவர் மண்வெட்டியை வேற ஒருத்தன்கிட்ட கொடுத்தாங்க. அவனும் வாங்கிக்கிட்டான். அவன் பேரை இன்னிக்கும் எங்க வீட்ல யாரும் சொல்றதில்ல."

மட்டையை ஹெகார்ட்டியிடமே கொடுத்துவிட்டான். அதைத் தூக்கிக்கொண்டு ஹெகார்ட்டி டிக்கெட் கிழிக்க வாசலுக்கு நடந்தான்.

இதற்குமேல் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? வாசலுக்குப் போய் ஹெகார்ட்டி பக்கத்தில் நின்றேன். "முதலாளி, இவனுக்குச் சம்பளம் உண்டுன்னு சொல்லுங்க, ஆடுறோம்." பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். ப்ராசரும் வந்தான்.

"உங்கள்ல ஒருத்தனும் இனிமே எந்த ஊர்லயும் ஆட முடியாது!" என்று ஸ்டாலர் கத்தினார். சொன்னதைச் செய்யக்கூடிய ஆள்தான்.

வெளியே ஆட்டம் பார்க்க வந்த உருக்காலைத் தொழிலாளர் கூட்டம் கதவைத் தட்டியது. "என்னப்பா, இன்னும் திறக்கலையா?"

ஹெகார்ட்டி கதவைத் திறந்து கட்டுப் போட்ட கையைக் காட்டினான். "இன்னிக்கு ஆட்டமில்லண்ணே. விரல் முறிஞ்சவனுக்குக் கூலி இல்லையாம்."

முன்னால் நின்ற உருக்காலைக்காரர் தன் கையை உயர்த்தினார். அதில் இரண்டு விரல்கள் இல்லை.

"விரல் போனப்போ எங்களுக்கும் கூலி இல்லப்பா" என்று சொல்லி, வாசலிலேயே உட்கார்ந்தார். அவரைச் சுற்றி மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.