மருங்காபுரிச் சீட்டு

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பைச் செய்தவர் ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் எழுத்தாளர் ரெங்கராஜ். (நான்தான். செய்த காரியத்துக்கு 'அவர்' என்று போட்டுக்கொண்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.)

அவர் முதலில் எழுதிய தொடக்கம் இது: 'உலகில் பெயர் வைக்கப்பட்ட விலங்குகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று வண்டு. பொன்வண்டு, பொறிவண்டு, கூன்வண்டு, ஏன், மின்மினியும் வண்டுதான். ஆகவே மனிதன்...' அந்த 'ஆகவே மனிதன்' வந்ததும் அவருக்கே கொட்டாவி வந்துவிட்டது. அடித்துவிட்டார்.

2

ஃபெமினா மேலப்புதூர்ப் பெண். ஒரு கல்லூரியில் சாணி வண்டுகளை இனம் பிரித்து ஆராய்ச்சி செய்கிறாள். (அவளுக்கு ஒரு காதலனைக் கொடுத்துப் பார்த்தேன். வண்டு அளவுக்கு அவன் தேறவில்லை. நீக்கிவிட்டேன்.)

கதைக்கு நுணுக்கம் வேண்டுமென்று ரெங்கராஜ் அவள் ஆய்வகத்துக்குப் போனார். வண்டின் வலப்பக்கச் சிறகில் ஊசி குத்தி, அதே ஊசியில் கீழே ஒரு சீட்டைக் கோத்திருந்தாள். பிடித்த ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சீட்டு போனால் வண்டே போன மாதிரிதான் என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட வெளியே போனாள். இவர் சும்மா இருந்திருக்கலாம். சீட்டோடு ஒரு போட்டோ எடுத்தார். வண்டு இன்னும் தெளிவாக விழவேண்டுமென்று இரண்டு ஊசிகளிலிருந்து சீட்டுகளைக் கழற்றினார். எடுத்து முடித்ததும் திரும்பக் கோத்தார். எதை எதில் கோத்தார் என்பதில்தான்...

3

செப்டம்பரில் ஃபெமினா ஃபோன் செய்தாள். அவர் அன்று பார்த்த வண்டுப் பெட்டியில் ஒரு வண்டு எந்த இனத்திலும் அடங்கவில்லை, மருங்காபுரியில் பிடித்தது, ஆனால் பெண். ஆண் கிடைத்து அதன் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் புது இனம் என்று துணிந்து சொல்ல முடியும். கிடைக்காவிட்டால் ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்போடு சரி.

"புதுசுன்னா உங்க பேரையே வைக்கலாம்னு இருக்கேன் சார். வண்டு பாக்க வந்த மொத எழுத்தாளர் நீங்கதானே."

முப்பது வருஷம் எழுதியும் ஒரு சந்துக்குக்கூட இவர் பெயரை யாரும் வைத்ததில்லை. சாணி வண்டானாலும் சரி என்று பூரித்துப்போய்ப் பழைய போட்டோவைத் தேடி எடுத்தார். சீட்டைக் கழற்றுவதற்கு முன் எடுத்த படத்தில், அதே வண்டின் கீழே 'திருவானைக்காவல்' என்று இருந்தது.

4

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிலிருந்து ஞாயிறுதோறும் அவள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் மருங்காபுரிக்குப் பஸ் ஏறுகிறாள். அங்கே மூக்கன் என்ற விவசாயியின் மாட்டுக் கொட்டகையில் குனிந்து சாணியைக் கிளறுகிறாள். அவள் காதுத் தோடு எதுவும் விழுந்துவிட்டதா என்று மூக்கனும் கூடவே தேடினாராம்.

போன வாரம் குரல் உடைந்து பேசினாள். "பதினோரு வாரமாச்சு சார். நாந்தான் எதோ தப்பு பண்றேன் போல." ரெங்கராஜை இதற்குமேல் முன்னால் நிறுத்த எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்:

(அ) மருங்காபுரியிலேயே ஆண் கிடைத்துவிடுகிறது. கதைக்கு நல்லது. வண்டு ஒத்துழைக்க வேண்டுமே.

(ஆ) எழுத்தாளரே திருவானைக்காவலில் பிடித்துவந்து, காதும் காதும் வைத்ததுபோல் அவள் பெட்டியில் சேர்த்துவிடுகிறார். இதைச் செய்தும் பார்த்தேன். இரண்டு நாள் காலை, ஒரு மண்வெட்டி, ஒன்பது வண்டுகள். எது ஆண், எது பெண் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

(இ) உண்மையைச் சொல்வது. இதற்கு ஒரு ஃபோன் போதும். அதைச் செய்யாமல்தான் இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மழை ஓய்ந்தால் சாணி வண்டு அவ்வளவாகக் கண்ணில் படாது. ஜனவரியில் அவள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். மிச்சமிருப்பது இரண்டே ஞாயிறு. அதில் ஒன்று இன்று.

ஃபோன் செய்தேன். உடனே எடுத்தாள்.

"சொல்லுங்க சார். பஸ்ல ஏறிட்டேன். கதை முடிஞ்சிருச்சா?"

"ஃபெமினா, எறங்கிரும்மா."

"ஏன் சார்?"

வாசகரே, பதில் இன்னும் என் வாயில் வரவில்லை. உங்களுக்கு வந்தால் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.