இரும்புக் கம்பி போட்ட தண்ணீர்

எனக்கு இரண்டு வகை மனிதர்களைக் கண்டால் ஆகாது. "கெமிக்கல் இன்ஜினியரிங்கா? வெடிகுண்டு செய்வியளோ?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. அதே படிப்பைப் படித்துவிட்டு அதை வைத்தே ஊரை ஏய்ப்பவர்கள் இன்னொரு வகை. போன மாதம் ஒரே பந்தலுக்குக் கீழே இரண்டு வகையையும் பார்த்துத் தொலைத்தேன்.

என் பெயர் ஜாஸ்லின். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதிப்பொறியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மணப்பாட்டைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு என் சித்தப்பா ஞானதீபம் தலைமையாசிரியர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குத்தான் சங்கடம். அறிவியல் விழாவில் பிள்ளைகளுக்கு உன் படிப்பைப் பற்றிப் பேசு என்று கூப்பிட்டிருந்தார். உண்மையில் அவர் கூப்பிட்ட காரணம் வேறு.

அந்தப் பள்ளியில் கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் பானைகளில் ஊற்றி வைப்பதும், மதியச் சோற்றுக்கு உதவுவதும் செல்வராணி அக்காவின் வேலை. அரசாங்க வேலை கிடையாது. பெற்றோர் சங்கம் வைத்த ஆள். அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் சில பிள்ளைகள் வாந்தி எடுத்தன. கொடையில் விற்ற பச்சைக் கலர் ஐஸைத் தின்ற பிள்ளைகள் மட்டும்தான் எடுத்தன. ஆனாலும் பழி கிணற்றின் மேலும் இறைத்தவர் மேலும் விழுந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"தண்ணி சரியில்லன்னு முடிவாச்சுன்னா அவளை நிறுத்திருவாவ ஜாஸு. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு" என்றார் சித்தப்பா.

அந்தத் தண்ணீரைக் கல்லூரிக்கு வரவழைத்து முன்பே சோதித்துப் பார்த்திருந்தேன். கிருமி இல்லை. கொஞ்சம் உப்பு உண்டு. கடலை ஒட்டிய கிணற்றில் வேறென்ன, பன்னீரா ஊறும்? ஒரு வார்த்தை என்ன, ஒன்பது வார்த்தை சொல்லலாம் என்று தெம்பாகப் போனேன்.

பந்தலில் எனக்கு முன்பே சிவப்பிரகாஷ் உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் நாலு வருஷம் என் பக்கத்து மேசை. இப்போது தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியில் ஏரியா மேனேஜர். விழாவுக்குப் பந்தல், மைக், பிள்ளைகளுக்குப் பேனா எல்லாம் அவன் உபயம். அவன் மடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதிலிருந்து இரண்டு ஜோடி இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏலே, அந்தக் கம்பி வித்தையா? வெக்கமா இல்ல?" என்றேன் மெதுவாக.

"ஏளா, இன்னைக்கு மட்டும் வாயத் தொறக்காத. நம்ம படிச்ச படிப்புக்கு எவன் வேலைய வச்சுக்கிட்டுக் காத்திருக்கான்? எனக்கும் ரெண்டு புள்ளைய இருக்கு" என்றான்.

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் எனக்குப் பொன்னாடை போர்த்திப் பேசச் சொன்னார்கள். பேசினேன். "சோதனைக் குழாயில் ஒரு துளி செய்தால் அது வேதியியல். அதையே லாரி லாரியாக, யார் கண்ணும் எரியாமல், கட்டுபடியாகும் விலையில் செய்தால் வேதிப்பொறியியல். வீட்டில் நாலு பேருக்குச் சோறு பொங்குகிறோம். பள்ளிக்கூடம் முழுக்கப் பொங்க வேண்டுமென்றால் பானையைப் பெரிதாக்கினால் போதுமா? அடியில் கருகும், மேலே அரிசியாக நிற்கும். சூடு எப்படிப் பரவும், எப்போது கிளற வேண்டும், தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உங்கள் செல்வராணி அக்கா தினமும் பார்க்கிற கணக்கைத்தான் நாங்கள் உரத் தொழிற்சாலையில் பார்க்கிறோம். ஐஸ் பிளான்ட்டில் பார்க்கிறோம். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்திலும் பார்க்கிறோம்" என்றேன். பிள்ளைகள் பின்னால் திரும்பிப் பார்த்துக் கைதட்டின. சமையல் கட்டு வாசலில் நின்ற செல்வராணி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பெற்றோர் சங்கத் தலைவர் மகாராஜா அண்ணாச்சி எழுந்தார். ஊரில் பெரிய பலசரக்குக் கடை அவருடையது. "அப்ப வெடிகுண்டும் செய்வியளோ டீச்சர்?" என்றார். பந்தல் சிரித்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அடுத்து சிவப்பிரகாஷ். மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் வைத்தான். ஒன்றில் பள்ளிக் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அவன் மெஷின் தண்ணீர். இரண்டும் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தன. கம்பிகளை இறக்கிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் பச்சையாகக் கலங்கியது. பிறகு பழுப்பாயிற்று. பிறகு நுரை பொங்கி, சாக்கடையைக் கலக்கிவிட்ட மாதிரி திப்பி திப்பியாகச் சேறு மிதந்தது. மெஷின் தண்ணீர் அப்படியே இருந்தது.

"இதத்தான் உங்க புள்ளைய தெனமும் குடிக்குது" என்றான். "நம்ம மெஷின்ல குழாயத் திருகினாப் போதும். யார் கையும் படாத தண்ணி."

அந்தக் கடைசி வார்த்தைகளை அழுத்திச் சொன்னான். முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் ஆமோதித்து ஆடின. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்கு வெளியே ஓடினார். "அய்யே, இந்தக் கருமத்தையா ஊத்தினா அவ?" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் திரும்பிச் செல்வராணி அக்காவைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் கைதட்டிய பிள்ளைகளும் பார்த்தன.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராகப் போய் மைக்கைப் பிடுங்கினேன். "கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இந்த அழுக்கு தண்ணீரில் இல்லை, கம்பியில் இருக்கிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்டு பாயும். பாய்ந்தால் இரும்பு கரையும். கரைந்த இரும்புதான் இந்தச் சேறு. மெஷின் தண்ணீரில் உப்பு இல்லை, அதனால் கரண்டும் இல்லை, சேறும் இல்லை. கிணற்றுத் தண்ணீரை நானே சோதித்தேன், கிருமி கிடையாது" என்றேன். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை தெரியவில்லை.

"அக்கா, ஒரு கை உப்பு கொண்டாங்க" என்று கத்தினேன்.

செல்வராணி அக்கா ஓடிவந்து உப்பை நீட்டினார். அதை மெஷின் தண்ணீரில் கொட்டினேன். "ஏளா, வேண்டாம்" என்று சிவப்பிரகாஷ் கையைப் பிடிக்க வந்தான், தட்டிவிட்டேன். கம்பியை இறக்கிச் சுவிட்சைப் போட்டேன். அவனுடைய தங்கமான தண்ணீர், கிணற்றுத் தண்ணீரைவிட வேகமாகப் பச்சையாகிப் பழுப்பாகி நுரைத்தது. சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகாராஜா அண்ணாச்சி எழுந்தார். "சரி டீச்சர், கம்பியில உள்ள அழுக்குன்னே வச்சிக்கிடுவோம். கிணத்துத் தண்ணி நல்லதுன்னு சொல்லுதிய. அப்ப நீங்க ஒரு டம்ளர் குடிங்க. நாங்க பாத்துக்கிடுதோம். பொறவு மெஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். செல்வராணியே இறைக்கட்டும்."

"இவ்வளவுதானே, கொண்டாங்க" என்றேன்.

செல்வராணி அக்கா ஓடினார். ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சாம்பல் போட்டு விளக்குவதை எல்லோரும் பார்த்தோம். கையை இரண்டு தரம் கழுவினார். புதிதாக ஒரு வாளி இறைத்து, டம்ளரை அலம்பி, நிறைய ஊற்றி, சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வாங்கினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

என் எதிரே மேசையில் அந்த இரண்டு டம்ளர்களும் இருந்தன. நுரை அடங்கி, சேறு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரு ஈ. துருவின் வாடை மூக்கில் ஏறியது. அது என்னவென்று எனக்குத் தெரியும், கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன். டம்ளரை வாயில் வைத்தேன். முதல் மிடறு நாக்கில் விழுந்தது, லேசான உப்பு.

விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் பீறிட்டு மைக்கின் மேலும் புடவையின் மேலும் தெறித்தது. மைக் அந்தக் குமட்டல் சத்தத்தை ஊருக்கெல்லாம் ஒலிபரப்பியது. முன்வரிசையில் ஒரு பிள்ளை "உவ்வே" என்றது.

"புரை ஏறிட்டு" என்றேன். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

"படிச்சவுகளுக்கே எறங்கல" என்றார் மகாராஜா அண்ணாச்சி. கேலியாகக்கூடச் சொல்லவில்லை, பரிதாபமாகச் சொன்னார். மெஷின் வாங்குவதென்று அங்கேயே முடிவாயிற்று. திங்கள்கிழமையிலிருந்து செல்வராணி வர வேண்டாம் என்று சித்தப்பாவின் வாயாலேயே சொல்லவைத்தார்கள். சிவப்பிரகாஷ் என் பக்கம் பார்க்காமல் கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். அவன் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனேன். செல்வராணி அக்கா அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மிச்சம் வைத்த தண்ணீர் அதில் பாதிக்கு மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டார்.

"எங் கைத் தண்ணிங்கதாலயா டீச்சர்?"

"இல்லக்கா! ஐயோ, இல்லக்கா. அந்த இரும்பு... அது கரைஞ்சு..." என்று ஆரம்பித்தேன். கரண்டு, உப்பு, கம்பி என்று பந்தலில் சொன்ன அத்தனையையும் மறுபடி சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார்.

நான் சொல்லி முடித்ததும் கீழே உட்கார்ந்து, சாம்பலை எடுத்து, அந்த டம்ளரை மறுபடியும் விளக்கத் தொடங்கினார்.