மிளகளவு ஓட்டை

அந்தப் பட்டறையில் யாராவது "சகலை" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அக்காவைக் கட்டியவர் வெல்டர். தங்கையைக் கட்டியவன் வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவன். கழுத்தில் எப்போதும் மல்டிமீட்டர் தொங்குவதால் அவனுக்கு மீட்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினோரு வருடமாக ஒருவரையொருவர் அதே பெயரால் கூப்பிட்டுக்கொண்டு ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளியிருந்தார்கள்.

போன மாதம்தான் முறுக்கிக்கொண்டது. ஒரு வேனின் சைலன்சர் இரண்டாம் நாளே திரும்பி வந்தது. "வெல்டு விட்டிருக்கு" என்று மீட்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டான். வெல்டர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"இன்னொரு வண்டி திரும்பி வரட்டும். கடையை ரெண்டா பிரிச்சு நடுவுல சுவர் எழுப்பிடலாம்."

சொன்னதோடு விட்டாரா? மறுநாளே டேப்பை எடுத்துவந்து தரையை அளந்தார். நுனியைப் பிடித்துக்கொண்டு, அளவைப் படிக்கும் வேலையை மட்டும் மீட்டரிடம் விட்டார். பிரிகிறவனையே அளவு படிக்க வைக்கிறாரே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது திரும்பி வந்திருந்தது ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கார். பழைய இன்ஜின் ஜாம் ஆகிவிட, விபத்தில் நசுங்கிய இன்னொரு வண்டியின் இன்ஜினை இறக்கி மாட்டியிருந்தார்கள். வந்த இன்ஜினுக்கு ஆக்ஸிஜன் சென்சார் வேறு இடத்தில் இருக்க வேண்டும். புகைக்குழாயில் துளை போட்டு அதற்கான நட்டை வெல்டு வைத்தது வெல்டர். பழைய இரும்புக் கடையில் சென்சாரைத் தேடிப்பிடித்து, நாலு வயரையும் நீட்டி இழுத்து மாட்டியது மீட்டர். வெளியே போகிற புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று மோப்பம் பிடிப்பதுதான் சென்சாரின் உத்தியோகம். அது சொல்வதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஆனால் டீச்சரின் கார் நாலு நாளில் அரை டாங்கைக் குடித்துவிட்டுக் கரும்புகை கக்கியது. மறுநாள் காலை பத்து மணிக்குப் புகைப் பரிசோதனை.

சென்சார் பழுது என்றால் பழி மீட்டர் தலையில். வெல்டு பழுது என்றால் வெல்டர் தலையில். எப்படியானாலும் சுவர் எழும்பும். எழும்பட்டும், ஆனால் தப்பு தன் பக்கம் இல்லை என்று நிரூபித்துவிட்டு எழும்பட்டும் என்பதுதான் மீட்டரின் கவலை. நல்ல எண்ணம் என்று சொல்ல முடியாது. அப்படித்தான் இருந்தது.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மீட்டர் சென்சாரின் கறுப்பு வயரில் ஊசியைச் செருகினான். மல்டிமீட்டரில் முள் அடிமட்டத்திலேயே கிடந்தது: ஆக்ஸிஜன் எக்கச்சக்கம் என்று அர்த்தம். இன்ஜின் காற்று இழுக்கும் வாயில் கொஞ்சம் பெட்ரோலை ஸ்ப்ரே அடித்தான். முள் சட்டென்று மேலே பாய்ந்து, திரும்ப விழுந்தது. சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. அப்படியானால் எங்கிருந்தோ வெளிக்காற்று குழாய்க்குள் நுழைகிறது; அதில் ஏமாந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டுகிறது.

வண்டியை ஒரு மணி நேரம் ஆறவிட்டான். சைலன்சர் வாயில் ஈரத்துணியை அடைத்து, வெல்டின் மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஸ்டார்ட் செய்தான். நட்டின் ஓரத்தில் நுரை பொங்கியது. துடைத்துப் பார்த்தான். மிளகு உள்ளே போகிற அளவு ஓட்டை, பட்டப்பகலில், பானெட்டைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில். குஷி தாங்கவில்லை அவனுக்கு.

"சகலை! கொஞ்சம் வந்து உங்க வேலையைப் பாருங்க!"

வெல்டர் வந்து குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார்.

"எங்கய்யா? சுத்தமா இருக்கு."

"கண்ணு முன்னாடி நுரை கொப்பளிக்குது, சுத்தமா இருக்கா?"

"அதான் பார்க்கிறேன்ல. இங்கதான சொல்ற?"

அவர் விரல் நீட்டிய இடம் நட்டுக்கு நாலு விரல் தள்ளி, வெறும் குழாய். பிடிவாதம் பிடிக்கிற ஆள் விரலை அங்கே நீட்ட மாட்டார். மீட்டர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

"எத்தனை நாளா?" என்று மெதுவாகக் கேட்டான்.

வெல்டர் டீச்சர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, குரலைத் தாழ்த்தினார். "எட்டு மாசம். எல்லாம் பனி மூடின மாதிரி. சத்தத்தைக் கேட்டுத்தான் வெல்டு வெச்சிட்டிருந்தேன். வேன்லயே தெரிஞ்சுபோச்சு, இனிமே ஆகாதுன்னு."

"அப்புறம் எதுக்கு என்மேல பாஞ்சீங்க? சுவரு, டேப்புன்னு..."

"சகலையோட சண்டை போட்டுக்கிட்டு வேலையை விட்டான்னா கௌரவம். கண்ணு போய் விட்டான்னா?" அவர் அவன் கையைப் பிடித்தார். "இப்பவே ஆரம்பி. நல்லா சத்தமா திட்டு. டீச்சர் காதுல விழணும். நானும் கத்திட்டுக் கிளம்பிடறேன்."

ஒரு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசவுகள் மீட்டரிடம் ஏராளமாக இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, நட்டில் மிச்சமிருந்த நுரையைத் துடைத்தான்.

"என்னங்க, கோளாறு தெரிஞ்சுதா?" என்றார் டீச்சர், தாளிலிருந்து தலை நிமிராமல்.

"வெல்டுல ஓட்டைங்க" என்றான் மீட்டர். "சகலைக்குக் கண்ணு சரியாத் தெரியல. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இதை எதிர்த்த கடையில குடுத்து அடைச்சுடலாம்."

அப்போதுதான் வெல்டருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முகம் ஜிவ்வென்று சிவந்தது. நம்பிக்கைத் துரோகி என்றார். இனி உன் வாசலை மிதித்தால் கேள் என்றார். பெண்டாட்டி, மச்சினி, பதினோரு வருடம் எல்லாவற்றையும் இழுத்தார். மீட்டர் குழாயைக் கழற்றினான்.

"எதிர்த்த கடையா? வீட்டுக்கு இரும்பு கேட் அடிக்கிறவன்கிட்டயா? அவனுக்கு இந்தக் குழாய் என்ன கனம்னு தெரியுமா? பொசுக்கிப்புடுவான். நான் பக்கத்துல நின்னு சொன்னாத்தான் உண்டு."

"வாங்க."

"உனக்காக வரலை. டீச்சருக்காக வர்றேன்."

தெருவில் சாயங்கால நெரிசல். மீட்டர் ஒரு கக்கத்தில் குழாயை இடுக்கிக்கொண்டு இறங்கினான். வெல்டர் திட்டுவதை நிறுத்தாமலே அவனுடைய இன்னொரு கைச் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த எட்டு மாதமும் இந்தத் தெருவை எப்படித் தாண்டினார் என்று மீட்டர் கேட்கவில்லை.