சலேத்மேரி டீச்சரின் ஒற்றைச் சுருதி

ஆறுதல் சொல்ல வருகிறவர்களைச் சலேத்மேரி டீச்சருக்கு எப்போதுமே பிடிக்காது. குரல்வளையில் புற்றுநோய் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னபிறகு அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வரிசையாக வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். "எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான் டீச்சர்" என்றார்கள். சொன்ன கையோடு காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த திருமானூர் பஸ் எப்போது என்று கேட்டார்கள்.

அவர்கள் படியிறங்கியதும் டீச்சர் தன் கணவர் தங்கராசுவிடம் சொல்வார்: "இந்தம்மாவுக்குப் பல்லு வலி வந்தப்ப தெருவே தூங்கல. அப்ப மட்டும் அது நல்லதுக்கு இல்லையாக்கும்."

தங்கராசு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். மனைவியின் நாக்குக்குப் பயந்து பழகியவர், அந்த நாக்கே இனி பேசாது என்றதும் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அழுதார்.

அவர்கள் ஊர் ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. அடைக்கல மாதா கோயிலுக்கு யாத்திரை போகிறவர்களின் பஸ் நிற்காமல் தாண்டிப் போகும் ஊர். அந்த ஊரின் சின்னக் கோயிலில் கால் நூற்றாண்டாகப் பாடகர் குழுவை நடத்தியவர் டீச்சர். அவர் பாட்டுக்காகவே பக்கத்துக் கிராமங்களிலிருந்து பூசைக்கு வருவார்கள். பெரிய வெள்ளியன்று அவர் பாடினால் கல் நெஞ்சுக்காரரும் மூக்கை உறிஞ்சுவார்கள். டீச்சருக்கு அது தெரியும். மற்றவர்கள் பாடுவது அவருக்குப் பாட்டாகவே தெரியாது. ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் போனாலும், "மூக்கால பாடுறா" என்று திரும்பி வருவார்.

தெற்குத் தெரு சகாயசெல்வி பாடகர் குழுவில் சேரவேண்டும் என்று பலமுறை வந்து நின்றாள். அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துவைக்கும் வேலை அவளுக்கு. "ஒனக்குக் கைதட்டத்தான் வரும். கீழ உக்காந்து தட்டு" என்று டீச்சர் திருப்பி அனுப்பினார். அவளுக்குச் சுருதி சேராது என்பது உண்மை. தெற்குத் தெருவிலிருந்து யாரும் அந்தக் குழுவில் இருந்ததில்லை என்பதும் உண்மை. கூலிவேலை செய்தவர்களின் பிள்ளைகள் மைக் பிடிப்பதா என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருந்ததில்லை.

அறுவை முடிந்து டீச்சர் வீடு திரும்பியபோது குரல்வளை இல்லை. கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகப் போய்வந்தது. மூக்கில் காற்று ஏறாததால் சாம்பிராணி வாசனைகூடத் தெரியவில்லை. பேசுவதற்கு டார்ச் லைட் போல ஒரு கருவி கொடுத்தார்கள். அதைக் கன்னத்தில் அழுத்திப் பொத்தானைத் தட்டி வாயை அசைத்தால் மாவு மில் இரைவது போல வார்த்தை வந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எல்லாம் ஒரே சுருதி. அதை முதலில் கேட்டபோது டீச்சருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பயந்து அழுததால் பள்ளிக்கூட வேலையையும் விட்டார்.

தம்பி மனைவி இலக்கியா விடவில்லை. பெரம்பலூரில் பிரதர் அறிவரசன் நடத்தும் ஜெபக்கூட்டத்துக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். துறையூர் ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேலே ஒரு ஹால். உள்ளே ஏசி. பிரதர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். பல் கோட்டைவிட வெள்ளையாக இருந்தது. அன்றைய தலைப்பு, துன்பத்திலும் மகிழ்ச்சி. அவர் அதிகபட்சமாகப் பட்ட துன்பம் கரண்டு போனதாகத்தான் இருக்கும் என்று டீச்சர் நினைத்தார்.

"எல்லாரும் சிரிங்க! ஆண்டவருக்காகச் சிரிங்க! சத்தமாச் சிரிங்க!" என்றார் பிரதர். ஹால் முழுக்கச் சிரித்தது. கடன்காரர்களும் கால் வீங்கியவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் சொன்னபடி சிரித்தார்கள். டீச்சருக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கண்ணில் நீர் வந்தது. பிரதர் அதைப் பார்த்துவிட்டார். மேடைக்கு அழைத்து, துளையை மூடியிருந்த கழுத்துத் துணியைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"இந்த அம்மா கண்ணுல தண்ணி. ஏன்? அவிசுவாசம்! விசுவாசி அழமாட்டான். சந்தோஷமா இருக்கேன்னு சொல்லுங்கம்மா. சொன்னா வந்துரும்."

மைக்கை நீட்டினார். டீச்சர் கருவியைக் கன்னத்தில் வைத்தார்.

"சிநேகிதன் லாசர் செத்தப்ப ஆண்டவரே அழுதாரு" என்றார். மாவு மில் சத்தம் ஸ்பீக்கர் வழியாக ஹாலை நிறைத்தது. "அவரும் அவிசுவாசியா?"

பிரதர் புன்னகையைக் குறைக்காமல், "மெஷின் கிளியரா கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கீபோர்டுக்காரனுக்குக் கண்ணைக் காட்டினார். இசை எழுந்தது. டீச்சரை யாரோ தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில், முன்னால் போன சிமென்ட் லாரியின் புழுதி கழுத்துத் துளைக்குள் போகாமல் டீச்சர் துணியைப் பொத்திக்கொண்டிருந்தார். "மானத்த வாங்கிட்டீங்க அண்ணி" என்று இலக்கியா அரியலூர் வரை முணுமுணுத்தாள்.

டீச்சர் நின்றதிலிருந்து பாடகர் குழு கலைந்து கிடந்தது; அந்த வாரம் ஞாயிறு பூசையில் பாட ஆளில்லை. பங்குச்சாமியார் யாரைக் கேட்டாலும் கூச்சப்பட்டு நழுவினார்கள். சகாயசெல்வி எழுந்து போய் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். தொடக்கப் பாட்டிலேயே ஆரம்பித்த சுருதி ஒன்று, முடித்த சுருதி வேறு. கடைசிப் பெஞ்சில் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாரா வாரம் இது நடந்தது.

பிறகு ஒரு நாள் அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஹார்லிக்ஸ் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

"டீச்சர், காணிக்கைப் பாட்டுல ரெண்டாவது அடிய எங்க எறக்கணும்?"

"மைக்க எறக்கு. போதும்."

செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதத்தான் எங்க மாமியாவும் சொல்லுது. சாமியாரு விடமாட்டேங்குறாரே. நீங்க சொல்லிக்குடுக்கலன்னா நான் இப்புடியேதான் பாடுவேன். வாராவாரம் உக்காந்து கேளுங்க."

"காது செவிடாடி ஒனக்கு?"

"ஒங்களுக்குக் கொரலு போச்சு, எனக்குக் காது சரியில்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு தேறும்ல?"

அறுவைக்குப் பிறகு டீச்சரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. வாசலில் நின்றிருந்த தங்கராசு மூச்சைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கருவியைக் கன்னத்தில் அழுத்தினார். "வெளிய போடி" என்றார். கருவியில் கோபத்தைக் காட்டக்கூட வழியில்லை. குட் மார்னிங் சொல்வது போலவே அதுவும் ஒலித்தது. செல்வி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மதியம், வெயிலுக்கு ஊர் அடங்கிக் கிடந்தபோது, டீச்சர் கோயிலுக்குப் போனார். உள்ளே யாருமில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்காலிடத் தோன்றவில்லை. கருவியை எடுத்துக் கன்னத்தில் அழுத்தினார்.

"தொண்டைய எடுத்துக்கிட்டீங்க. சரி. அந்த எடத்த அவளுக்கா குடுக்கணும்?"

கோயில் சுவரில் சத்தம் மோதித் திரும்பி வந்தது.

"வேற ஆளே கெடைக்கலியா? இத்தன வருஷம் பாடுனேனே, கேட்டீங்களா இல்லியா? அந்தப் பெரம்பலூர்க்காரன் ஒங்க பேரச் சொல்லிக் கூத்தடிக்கிறான். அவன் தொண்ட நல்லாருக்கு. என்னுது போச்சு. இதுதான் ஒங்க நியாயமா?"

நிறுத்தாமல் திட்டினார். டாக்டரைத் திட்டினார், ஆறுதல்காரர்களைத் திட்டினார், வாசனை தெரியாத மூக்கைத் திட்டினார், கடைக்குள் ஒளிந்துகொண்டு அழும் கணவரைத் திட்டினார். கழுத்துத் துளை வழியாக இரைத்தது. மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினார். அப்போதுதான் நிமிர்ந்து பீடத்துக்கு மேலிருந்த சிலுவையைப் பார்த்தார்.

ஆணியடித்த கைகளை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். கழுத்தைப் பார்த்ததில்லை. தலை சாய்ந்து, நரம்பு புடைத்து, எலும்பு தெரிய நீண்டிருந்தது. தாகமாயிருக்கிறது என்று சிலுவையில் சொன்ன தொண்டை. அந்த வார்த்தையை வருடாவருடம் பெரிய வெள்ளியன்று டீச்சர் உச்சத்தில் இழுத்துப் பாடியிருக்கிறார். பாடும்போது கண் எங்கே இருந்தது? யார் அழுகிறார்கள் என்று கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கால் நூற்றாண்டாக ஆண்டவரைப் பற்றிப் பாடியாயிற்று. அவரிடம் பேசியது இன்றுதான். அதுவும் நாய்கூடத் திரும்பிப் பார்க்காத இந்தக் குரலில், வசவாக. கேட்கிற ஆள் எதிரே இருக்கிறார் என்ற நிச்சயம் இல்லாமல் ஒருத்தி இவ்வளவு நேரம் சண்டை போடுவாளா?

சிலுவையில் இருந்தவர் எழுந்து போய்விடவில்லை. போகவும் முடியாது, ஆணி அடித்திருக்கிறது என்று நினைத்தபோது டீச்சரின் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஏறி வந்தது. சிரிப்பு என்று தெரிய அவருக்கே கொஞ்ச நேரம் ஆனது. சத்தம் வரவில்லை. தோள் குலுங்கியது, கழுத்துத் துணி படபடத்தது, கண்ணில் நீர் கொட்டியது.

டீச்சர் அதை நம்பவில்லை. மாத்திரையின் வேலையாக இருக்கும் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தபோதும் அது போகவில்லை. காலையில் எழுந்து துளையைச் சுத்தம் செய்தபோதும், வலியோடு வலியாக, அடியில் ஊற்று மாதிரி இருந்தது.

"என்னங்க, எனக்குச் சந்தோஷமா இருக்கு."

தங்கராசு பதறிப்போனார். "டாக்டருக்குப் போன் போடட்டா?"

"அவன் கெடுத்துருவான். சும்மா இருங்க."

அன்று சாயங்காலம் அவர் தெற்குத் தெருவுக்குப் போனார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. செல்வி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"முந்தாநேத்து நான் பேசுனது தப்பு. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா ஒன்னத் திருப்பி அனுப்புனது அதவிடத் தப்பு" என்றார் டீச்சர். கருவி அதையும் ஏற்ற இறக்கமில்லாமல்தான் சொன்னது. "நாளைக்குக் கோயிலுக்கு வா. இந்தத் தெருவுல பாட ஆசப்படுறவங்க எல்லாத்தையும் கூட்டிட்டு வா. ஒன்னவிட மோசமா யாரும் பாடிர முடியாது."

செல்வி ஈரத் துணியோடு நின்று பார்த்தாள். "மன்னிப்புக் கேக்குறீங்களா, திட்டுறீங்களா?"

"ரெண்டும்."

அடுத்த வாரம் தெற்குத் தெருவிலிருந்து ஆறேழு பேர் மைக்குக்குப் பின்னால் நின்றார்கள். பழைய குழுவில் மூன்று பெண்கள் வரவில்லை. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தியின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஒருத்தி காரணம் சொல்லவே இல்லை. "தலவலின்னா தைலம் தேச்சுக்கட்டும். அதுக்கெல்லாம் நான் தெருத் தெருவாக் கெஞ்சிட்டுத் திரியமாட்டேன்" என்றார் டீச்சர். கையைத் தட்டித் தாளம் சொன்னார். உள்ளங்கையை ஏற்றி இறக்கிச் சுருதி காட்டினார். இடையிடையே கருவியை எடுத்து, "கழுதையே, மேல போ" என்றார். சந்தோஷம் வந்ததால் அவர் நாக்கு இனிக்க ஆரம்பித்துவிட்டதாக யாரும் எண்ணவேண்டாம். செல்விக்கும் அவருக்கும் வாராவாரம் சண்டை. எட்டு மாதத்தில் செல்வி முக்கால்வாசி சுருதியில் நின்றாள். மீதிக் கால்வாசி அவளுக்கு இந்த ஜென்மத்தில் வராது என்று டீச்சர் சாமியாரிடமே சொன்னார்.

பிறகு தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. அதே நோய். இந்த முறை கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கவேண்டும் என்றார்கள். அந்தச் செய்தி முழுதாகப் பரவுவதற்குள், புற்றுநோய் வந்த டீச்சர் இப்போது சந்தோஷமாக இருக்கிறார் என்ற செய்தி மட்டும் பெரம்பலூருக்குப் போயிருந்தது. பிரதர் அறிவரசன் கேமராவோடு காரில் வந்து இறங்கினார்.

"பழசெல்லாம் மறந்துரலாம்மா. சுகம் கெடச்ச சந்தோஷத்த ஒரு சாட்சியாச் சொல்லுங்க. லட்சம் பேரு பாப்பாங்க."

"சுகம் கெடைக்கல. திரும்பி வந்திருக்கு."

கேமராக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். பிரதரின் முகம் வாடியது. "சந்தோஷமா இருக்கீங்கன்னு சொன்னாங்களே?"

"அதுவும் இருக்கு."

"ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா இருக்கும்?"

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதுகூடத் தெரியாமயா மைக்கப் புடிச்சிட்டுத் திரியிறீங்க?"

கார் வந்த வேகத்தில் திரும்பிப் போனது. காப்பி போட்டுக்கொண்டு வந்த தங்கராசு இரண்டு தம்ளரையும் தானே குடித்தார்.

கரண்டு வைத்த நாட்கள் கொடுமையாக இருந்தன. கழுத்துத் தோல் கருகி உரிந்தது. கஞ்சிகூட இறங்கவில்லை. டீச்சர் பயந்தார், அழுதார், சாக வேண்டாம் என்று ஆண்டவரிடம் கெஞ்சினார், கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வைதார். அந்தச் சந்தோஷம் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு போகவில்லை. சில நாள் அதைத் தேடிப் பார்க்கவேண்டியிருந்தது. தேடினால் இருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு காலையில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி அவருக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். பேர் ஆண்டாயி. மறுநாள் அவளுக்குக் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். அவள் அழ அழ, மகன் வேல்முருகன் முதுகைத் தட்டி, "அழாதம்மா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"ஆவும்" என்றார் டீச்சர். "கொரலு போயிரும். அழுவுறவங்கள விடு தம்பி. போயி டீ குடிச்சிட்டு வா."

அவன் முறைத்துவிட்டு எழுந்து போனான். ஆண்டாயி சத்தமாக அழுது தீர்த்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகை ஓய்ந்ததும் அவள் டீச்சர் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்தாள்.

"ஒங்க சாமி ஒங்களக் காப்பாத்திருச்சாக்கா?"

"இன்னும் தெரியாதும்மா. ஆனா என்னய வுட்டுட்டுப் போகல. அதுலயே எனக்கு மனசு நெறஞ்சு கெடக்கு."

ஆண்டாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாளைக்கு நான் முழிக்கிறப்ப இங்க இருப்பீங்களா?"

"இருப்பேன்" என்றார் டீச்சர்.

நர்ஸ் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். டீச்சர் எழுந்து, கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டு, கரண்டு வைக்கும் அறைக்குள் போனார்.