இரண்டரை அடி இடைவழி

ஸ்ட்ரெச்சர் மூன்றாவது தடவையும் திரும்பவில்லை. முன்னால் பிடித்தவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பின்னால் பிடித்தவர் சமையலறைக்குள் பாதி போய்விட்டார். அப்படியும் அதன் மூலை இடைவழியின் திருப்பத்தில் முட்டிக்கொண்டு நின்றது. திருப்பத்துக்கு அப்பால், படுக்கையறையில், வெள்ளைத் துணி போர்த்தி அம்மா கிடந்தாள். மூச்சு நின்று ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டான் தம்பி. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு முதலில் அந்தக் கேள்விதான் வாயில் வரும்.

அவன் அக்கா, அம்மாவின் ஒரே மகள், படுக்கையறை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது, பேச்சுகூட மெதுவாக வந்து சேர்ந்தது. சமையலறைத் தரையில் வெயில் நீளமாக விழுந்திருந்தது. அந்தத் தரையில்தான், அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, உள்ளங்காலில் சாக்பீஸ் தூளைப் பூசி அம்மா நடக்கவிட்டாள். தொட்டியிலிருந்து அடுப்புக்கு ஒன்பது தடம். மறுநாள் அடுப்பு இடம் மாறியது, நான்கே தடம். அப்புறம் அதுவே அம்மாவின் தொழிலாகி, அவள் அளந்து சொல்லி ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு இடம் மாறியது. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் அம்மாவுக்கு 'இன்ச்சம்மா' என்று பெயர் விழுந்தது. அதற்கெல்லாம் அவள் கோபப்பட்டதில்லை, கோபப்பட்டால் நேரம் வீண்.

இந்த இடைவழியும் அவள் கைங்கரியம்தான். நாலடியை இரண்டரையாகக் குறைத்து, மிச்சத்தைச் சமையலறையோடு சேர்த்துவிட்டாள்.

"அன்னைக்கே கேட்டேன், கட்டில் எப்படிம்மா உள்ள போகும்னு," என்றார் அவளோடு நாற்பது வருஷம் வேலை பார்த்த தச்சர். "உள்ளயே வச்சுச் செஞ்சிருங்கன்னாங்க. செஞ்சேன். ஆளு வெளிய வரணுமேன்னு ரெண்டு பேருக்குமே தோணல. யானைக்கும் அடி சறுக்கும்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அழுகையும் வந்தது.

"நாலு மணிக்குள்ள காலேஜ்ல ஒப்படைக்கணும்மா," என்றார் ஸ்ட்ரெச்சரை முன்னால் பிடித்திருந்த வண்டிக்காரர். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்திருந்தாள் அம்மா. மண்ணுக்குள் சும்மா கிடப்பானேன், நாலு பிள்ளைகள் படிக்கட்டும் என்பாள். கூப்பிட வேண்டிய எண்ணைக்கூட அவளே எழுதி ஒட்டியிருந்தாள். ஆகவே சுடுகாடு கிடையாது, வழியனுப்புவது வாசலோடு சரி.

மூன்று வயதில் தூக்கச் சொல்லி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம் மகள். அம்மா குனிந்து அவள் உயரத்தை அளந்தாள். ஒரே வாரத்தில், இழுத்தால் வரும், தள்ளினால் உள்ளே போகும் மூன்று படி, சமையல் மேடைக்கு அடியில் தயாரானது. பிள்ளை தானே ஏறி வேடிக்கை பார்க்கும், தாய்க்கு இரண்டு கையும் மிச்சம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அந்தப் படிக்காக அம்மாவை வாழ்த்தாத வீடு இல்லை. மகளுக்கு மட்டும் அதன்மேல் ஆறாத கோபம். அதில் நின்றபடியே வளர்ந்து, தூக்கும் வயதைத் தாண்டிவிட்டாள். நேற்றுவரைகூட, இன்றைக்காவது அம்மா கையை நீட்டுவாளா என்று கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள்.

"பெல்ட் போட்டுக் கட்டி ஸ்ட்ரெச்சர நேரா நிமித்திட்டா திரும்பிரும்," என்றார் வண்டிக்காரர். "பீரோவெல்லாம் அப்படித்தான்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வேணாம். நான் தூக்கிட்டு வர்றேன்."

"உனக்கு முதுகு வலிக்கும்க்கா. நான் தூக்குறேன்."

"நீ போய் வாசக்கதவத் தெற."

ஒரு கை கழுத்துக்கடியில், ஒரு கை முழங்காலுக்கடியில். எடை இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. அம்மாவின் தலை சரிந்து அவள் தோளில் விழுந்தது. சோப்பு வாசனை. இடைவழியில் அவள் பக்கவாட்டாக, சுவரில் இடிக்காமல், அடிமேல் அடி வைத்து நடந்தாள். அது இத்தனை நீளம் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தீர்ந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

வெளியே ஸ்ட்ரெச்சரை விரித்து, துணியை நீவி வைத்திருந்தார்கள்.

"இங்க வைங்கம்மா," என்றார் வண்டிக்காரர்.

சரி என்று தலையாட்டினாள் மகள். தம்பி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அம்மாவைத் தோளில் இன்னும் சற்று மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.