பாட்டுப் போட்ட இடம்

பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுக் கழுவும் தொட்டிக்குள் பேர்ணடெற் மூன்றாவது தண்ணீர்க் கானை வைத்துக் குழாயைத் திறந்தாள். வேலை முடிந்து கையுறைகளைக் கழற்றியிருந்தாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

"அக்கா, இண்டைக்கு மூண்டோட நிப்பாட்டுங்கோ," என்றாள் சுப்பர்வைசர் பிரதீபா, அவளைப் பார்க்காமல். "மேல கமரா இருக்கு. என்ர வேலையும் சேர்ந்து போயிடும்."

"ஓம் பிள்ளை."

நாலாவது கானை வெறுமையாகவே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கணவர் அருள்நாயகம் காரில் காத்திருந்தார்.

ஒஷாவாவுக்கு அப்பால் இருக்கும் அவர்களுடைய வீட்டில் ஒக்டோபர் நடுவிலிருந்து தண்ணீர் இல்லை. தொழிற்சாலையில் செய்து, இரண்டு பாதிகளாக லொறியில் கொண்டுவந்து பொருத்திய வீடு. வீடு இவர்களுடையது; அது நிற்கும் நிலம், இப்படியான வீடுகளை வரிசையாக நிறுத்த இடம் வாடகைக்கு விடும் பார்க் கொம்பனியுடையது. அந்தப் பார்க் கோடைக்கு மட்டும்தான் என்பது கதவில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளைப் பார்த்த பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. ஏப்ரல் வரைக்கும் குழாய் பூட்டு. குடியிருக்க அனுமதியில்லை. இந்த மாத முடிவுக்குள் வெளியேற வேண்டும். பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்த வோபர்ன் அப்பார்ட்மென்றை விட்டுவிட்டுத்தான் அங்கே போனார்கள். அதே கட்டடத்தில் இன்று கேட்கிற வாடகைக்கு இரண்டு பேருடைய சம்பளமும் காணாது.

இருவரும் நேரே போன சுலக்சனாவின் அலுவலகம் வோபர்னில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்தது. சிறிய வழக்குகளை நடத்தும் பரலீகல். மட்டக்களப்புப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவள். வெறும் கானோடு படியேறி வந்த பேர்ணடெற்றை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவள் ஒப்பந்தத்தை விரித்தாள்.

"அங்கிள், பேஜ் நைன் பாருங்க. சீசனல் யூஸ் ஒன்லி. கீழ உங்கட இனிஷியல்."

"அகஸ்ரின்தான் மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டித் தந்தவர்," என்றார் அருள்நாயகம். அகஸ்ரின்தான் அந்த வீட்டை விற்றவன். "அவர் ஒட்டின இடமெல்லாம் கையெழுத்து வைச்சனாங்கள்."

"இது என்னெண்டு கேக்கேல்லையா?"

"நான் கேட்டனான்," என்றாள் பேர்ணடெற். "உது இன்சூரன்ஸுக்குப் போடுற வசனம் அன்ரி, நீங்கள் பன்னிரண்டு மாசமும் இருக்கலாம் எண்டவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில வாசகம் வாசிக்கிற மனிசன். பேஜ் நைனைப் பிழையா வாசிப்பார் எண்டு ஆர் கண்டது."

சுலக்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பொய் சொல்லி வித்தவர் எண்டு காட்டினா கொன்ராக்டைக் கான்சல் பண்ணக் கேக்கலாம், நட்டஈடும் கேக்கலாம். பட், வாயால சொன்னது ஒண்டும் கணக்கில்ல எண்டு இதிலயே எழுதியிருக்கு. அதை உடைக்க ப்ரூஃப் வேணும். டெக்ஸ்ட், ஈமெயில், எனிதிங்?"

"எல்லாம் நேரில கதைச்சதுதான்," என்றார் அருள்நாயகம்.

"ஃபாதர் வந்து வீடு மந்திரிச்ச அண்டைக்கு மைக்கில சொன்னவர்," என்றாள் பேர்ணடெற். "அறுபது சனம் கேட்டது."

"அவங்க வந்து சொல்லுவாங்களா?"

"பாதிப் பேர் அவரிட்ட வீடு வாங்கினவை. மிச்சப் பாதி வாங்கப் போகினம்." கைப்பையிலிருந்து ஒரு யூஎஸ்பியை எடுத்து மேசையில் வைத்தாள். "வீடியோ இருக்கு."

வீடியோ அகஸ்ரினின் அன்பளிப்பு. பதிலுக்கு அவனுக்குப் போர்த்தப் பொன்னாடை வாங்கியவள் அவள்தான், கீழே இருக்கும் இதே கடையில். மலிவாகத் தெரியக்கூடாது என்று அரை மணித்தியாலம் நின்று கரை பார்த்தாள். குளிரைத் தாங்கலாம், கானில் தண்ணீர் சுமக்கலாம். அந்த அரை மணித்தியாலத்தை நினைக்கும்போதுதான் அவளுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. ஏமாற்றிய ஒருவனை வெறுப்பது எளிது. பொன்னாடையை ஏற்க அவன் தன் முன்னால் குனிந்தபோது, தான் பெரிய ஆளாகிவிட்டதாக உள்ளுக்குள் பூரித்தவளை என்ன செய்வது?

சுலக்சனா வீடியோவை ஓட விட்டாள். ஃபாதர் சுவர்களுக்குத் தீர்த்தம் தெளித்தார். பிள்ளைகள் ரோல்ஸ் தின்றார்கள். அகஸ்ரின் மைக்கை வாங்கி, இரண்டு விரலால் தட்டிப் பார்த்து, வாயைத் திறந்தான்.

அவன் குரலுக்குப் பதிலாக வயலின்களோடு ஒரு கல்யாணப் பாட்டுத் தொடங்கியது. படமும் மெதுவானது. அகஸ்ரினின் வாய் தண்ணீருக்குள் மீன் போலத் திறந்து மூடியது.

பேர்ணடெற் வீடியோக்காரனுக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

"பேச்சு எல்லாம் போறிங் அக்கா, பாட்டுத்தான் எங்கட ஸ்ரைல்," என்றான் அவன்.

"சத்தத்தோட ஒறிஜினல் இருக்குமெல்லோ தம்பி?"

"இருக்கு. ஓடர் தந்தது அகஸ்ரின் அண்ணை. அவர் ஓம் எண்டால் தாறன்."

அழைப்பு முடிந்ததும் அவன் யாருக்கு எடுப்பான் என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

"கோர்ட் மூலமா கேக்கலாம் அன்ரி. அதுக்குள்ள அகஸ்ரின் அதை டிலீற் பண்ண வைச்சிடுவார்," என்றாள் சுலக்சனா.

"திரும்பப் போடுங்கோ. பாட்டை நிப்பாட்டிப்போட்டு," என்றாள் பேர்ணடெற்.

சத்தமில்லாமல் அகஸ்ரின் மறுபடி வாயைத் திறந்தான். பேர்ணடெற் திரைக்கு அருகே குனிந்து, அந்த வாயின் வேகத்துக்கு இழுத்து இழுத்துச் சொன்னாள். "அன்ரி... அங்கிள்... இனிப் பன்னிரண்டு மாசமும்... உங்கட சொந்த வீடு... ஸ்னோ கொட்டினாலும்... உங்கட குழாயில சுடுதண்ணி வரும்..." ஒரு சொல்லும் பிசகவில்லை. ஒவ்வொன்றும் அவன் உதட்டில் போய்ப் பொருந்தியது. அருள்நாயகம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐ பிலீவ் யூ அன்ரி," என்றாள் சுலக்சனா. அவளுடைய பேனை தாளில் அசையவில்லை.

திரையில் கமரா சனத்தின் பக்கம் திரும்பியது. முன்வரிசையில், பச்சைச் சேலையில், பேர்ணடெற். தலைக்கு மேலே உயர்ந்த கைகள் மெதுவாகச் சேர்ந்து, மெதுவாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு.

சுலக்சனா படத்தை நிறுத்தினாள். "இதைத்தான் அகஸ்ரின்ர ஆக்கள் கோர்ட்டில காட்டுவாங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "நீங்க எவ்வளவு சந்தோசமா இருந்தீங்க எண்டு."

பேர்ணடெற் கொஞ்ச நேரம் அந்தப் பச்சைச் சேலைக்காரியையே பார்த்தாள். பிறகு நிலத்திலிருந்த கானை எடுத்தாள்.

"பிள்ளை, உங்கட பாத்ரூமில இதை நிரப்பட்டே?"

"ஓ, ஷூர் அன்ரி."

கை கழுவும் தொட்டி சிறியது. கான் அதற்குள் நிமிர்ந்து நிற்கவில்லை. சரித்துப் பிடித்துக் குழாயைத் திறந்தாள். பாதி நிரம்பியதும் தண்ணீர் கானின் வாய் வழியாகத் திரும்பி ஓடத் தொடங்கியது. அதற்கு மேல் அது ஏறவில்லை.